வயல் நண்டுக்கு உப்புத் தண்ணீர் வேண்டாம்

"நண்டு எதுவானாலும் கடல் உயிர்தான். பிடித்து வந்தால் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கைப்பிடி கல் உப்பு போட்டு வையுங்கள்." மேலூர்ப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. பிள்ளைகள் இதை நம்பிச் செய்தால் நண்டு செத்தும் போகலாம்.

பெரியாறு கால்வாய் பாயும் வயல்களிலும் கண்மாய்க் கரைகளிலும் வளை தோண்டி இருப்பது நன்னீர் நண்டு. அதன் வாழ்க்கையில் கடலுக்கு வேலையே இல்லை. கடல் நண்டின் குஞ்சு முதலில் நண்டு மாதிரியே இருக்காது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவில் கடல்நீரில் மிதந்து வளரும். வயல் நண்டு அப்படியில்லை. தாயின் வயிற்று மடிப்புக்குள் முட்டை பொரிந்து, காலும் கொடுக்குமாக முழு நண்டுக்குஞ்சாகவே வெளியே வரும். சில நாள் அம்மாவை ஒட்டிக்கொண்டே திரியும். வரப்பில் அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அப்புறம், வாளி நிறையத் தண்ணீர் எதற்கு? வயல் நண்டு செவுளில் ஈரம் இருக்கும்வரை காற்றையும் சுவாசிக்கும். கோடையில் வயல் வெடித்தாலும், ஈரமண் தட்டும்வரை வளையை ஆழமாக்கி உள்ளே பதுங்கிவிடும். மூடிய வாளியில் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் ஏறி நிற்க இடமில்லாமல் மூச்சுத் திணறும். வெளியே வெகுநேரம் கிடந்து வாயோரம் நுரை தள்ளினால், அதற்கு ஈரம் தேவை.

கால் நனையும் அளவு கண்மாய்த் தண்ணீர், ஏறி உட்கார ஒரு கல், ஒரு பக்கம் ஈரமண். அது போதும். குழாய்த் தண்ணீர்தான் என்றால் குளோரின் போக ஒருநாள் திறந்து வையுங்கள். பார்த்து முடித்ததும், பிடித்த வரப்பிலேயே விட்டுவிடுங்கள்.