இதுங்க ஆளுக்கு நாலு பெத்துப் போட்டா…

போன ஞாயிறு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு அசோசியேஷன் மீட்டிங்கில் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றிப் பேச்சு வந்தது. அங்கே நடந்த கூத்தை அன்றைக்கே எழுதிவிட்டேன், மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வரி மட்டும் நாலு நாளாகத் தூங்க விடவில்லை. "தண்ணி எப்படிம்மா பத்தும், இதுங்க ஆளுக்கு நாலு பெத்துப் போட்டா?" 'இதுங்க' என்று அவர் கைகாட்டியது காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறவர்களை. பத்துப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அங்கே வாய் வரவில்லை. அதனால் இங்கே.

சார், ஆள் அதிகமானதால் தண்ணீர் போகவில்லை. யார் எவ்வளவு மொண்டுகொள்கிறோம் என்று பாருங்கள்.

2019 கோடை அதற்குள் மறந்துவிட்டதா? சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் காய்ந்து, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அப்போதும் நம் சம்ப் காலியாகவில்லை. காசு இருந்தது, லாரி வந்தது. நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு. அஞ்சு பேர் இருக்கிற வீட்டில் 15 லிட்டர்க் குடத்தில் எட்டுக் குடம் பிடித்தால் ஆளுக்கு 24 லிட்டர்தான் தேறும், அதிலேயே சமையல், குளியல், துணி எல்லாம். நீங்கள் தினமும் இரண்டு காருக்கு ஹோஸ் பிடிக்கிறீர்களே, அது எந்தப் பிள்ளையின் கணக்கு?

உலகம் முழுக்க இதே கதைதான். 2022 நவம்பரில் மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டபோது எல்லாரும் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும்தான் முறைத்தார்கள். ஓர் அமெரிக்கர் காற்றில் விடும் கார்பன் டைஆக்சைடு வருஷத்துக்குச் சுமார் 14 டன், ஓர் இந்தியருக்கு 2 டன், ஒரு நைஜீரியருக்கு ஒரு டன்கூட இல்லை. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலாகிக் கார் டேங்கில் போகிறது. பெரியவரின் மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் டெக்சாஸில் இருக்கிறார்கள். (ஆமாம், மூன்று. நான் எண்ணிப் பார்த்தேன்.) எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒரே பையன்.

1943 வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இருந்ததைவிட அரிசி ஒன்றும் குறைந்துவிடவில்லை, வாங்கக் கையில் காசு இல்லாதவர்கள்தான் செத்தார்கள் என்று பொருளாதார நிபுணர் அமர்த்தியா சென் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். அப்புறமும் பழி வயிற்றின் மேல்தான்.

"அப்போ இஷ்டத்துக்குப் பெத்துக்கலாமா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொன்னேனா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு பெண்ணுக்கு இந்தியாவில் 2.0, தமிழ்நாட்டில் 1.8 குழந்தைதான். நீங்கள் சொல்கிற அந்த நாலு எந்த வருஷத்து நாலு சார்? ஒரே பிள்ளைச் சட்டம் போட்ட சீனாவைப் பார் என்று யாரும் வராதீர்கள், எனக்குப் பொறுமையில்லை.

நான் மூன்றாவது. மூன்றாவதும் பெண். ஆரணி பக்கம், 1983. நான் பிறந்த கையோடு அம்மா ஆபரேஷன் செய்துகொண்டாள், ஆண் பிள்ளை இல்லாமல் எப்படி என்று ஆயா ஒரு மாசம் பேசவில்லையாம். அங்கே ஒரு நர்ஸம்மா என்னைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடியே வந்திருக்கலாமே" என்றாளாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், நானும் சிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு வரவில்லை. 'இதுங்க' என்றபோது அந்தக் கணக்கில் நானும் இருந்தேன்.

இந்தப் பேச்சு கையில் அதிகாரம் வைத்திருப்பவர்களிடம் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. நெருக்கடி நிலையின்போது, 1976-77 ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன். பிடித்துக்கொண்டு போனது யாரை? பிளாட்காரர்களையா?

இதே பெரியவர், மக்கள்தொகைப்படி எம்.பி. தொகுதிகளைப் பங்கிடும் மறுவரையறை என்றால் மட்டும் கொதிக்கிறார். சொன்ன பேச்சைக் கேட்டுக் குடும்பக் கட்டுப்பாடு செய்த நமக்குத் தண்டனையா, தலையை எண்ணிப் பங்கு போடுவதா என்கிறார். ஆமாம், எனக்கும் அதில் கோபம்தான். தலைக்குத் தலை சமம் என்று பேசும் உன் வாதத்துக்கே அது இடிக்கிறதே என்று ஒருவர் வருவார். வரட்டும், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

"நீ மட்டும் ஏசி போடலையா?" போடுகிறேன். இரண்டு. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் ஏசிக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணின் கர்ப்பப்பையைக் காரணம் காட்டவில்லையே.

சரி. வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைக்கலாம், ஓடுகிற அளவுக்குக் காசு கட்டலாம் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மீட்டிங் 14ஆம் தேதி. அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் இதற்குத் தலையாட்டுகிறார்கள் என்று பார்க்கிறேன்.