அந்த நாற்காலி யாருக்காகச் செய்யப்பட்டது?

இன்டீரியர் டிசைன் பற்றி வருகிற வீடியோக்கள் எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான். இந்த வருஷம் எது டிரெண்ட், எது பழசாகிவிட்டது. சாம்பல் நிறம் போயாச்சு, பழுப்பு வந்தாச்சு. குறைந்த பொருளோடு எளிமையாக இருக்கும் மினிமலிசம் போயாச்சு, நிறமும் பொருளும் நிறைந்த மேக்ஸிமலிசம் வந்தாச்சு. எனக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஒவ்வொரு பாணியும் யாரோ சிலருடைய ஏதோ ஒரு கஷ்டத்தைத் தீர்க்கப் பிறந்தது. அந்தக் கஷ்டம் நமக்கும் இருக்கிறதா என்று பார்க்காமல் தோற்றத்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதால்தான், பார்க்க அழகாக இருந்தும் உட்கார்ந்து வாழ முடியாத அறைகள் இத்தனை உருவாகின்றன. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபின்லாந்தில் பைமியோ என்ற இடத்தில் காசநோயாளிகளுக்காக கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்த மருத்துவமனை 1933-ல் திறக்கப்பட்டது. அந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து அப்போது இல்லை. வெயில், நல்ல காற்று, ஓய்வு, இவைதான் வைத்தியம். நோயாளி நாளெல்லாம் மல்லாந்து படுத்திருப்பவர், அவர் கண்ணுக்கு எதிரே இருப்பது சுவர் இல்லை, மேற்கூரை. அதனால் கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை அடித்தார்கள், விளக்கைப் பார்வையில் நேராகப் படாத இடத்தில் வைத்தார்கள். ஒருவர் கை கழுவும்போது பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துக்கொள்ளக் கூடாது என்று, தண்ணீர் சத்தமில்லாமல் விழும்படி வாஷ்பேசினின் சரிவையே மாற்றினார்கள். அங்கே போட்ட நாற்காலியைப் பலரும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், பர்ச் மரப் ப்ளைவுட்டை வளைத்துச் செய்த, ரிப்பன் சுருண்டது மாதிரியான நாற்காலி. அதன் முதுகுச் சாய்வு நோயாளி சிரமமில்லாமல் மூச்சு விடுவதற்காகக் கணக்குப் பார்த்து வைத்த சாய்வு. எஃகுக் குழாய் நாற்காலிகள் புதுமையாகப் பேசப்பட்ட காலத்தில், தொட்டால் சில்லிடாத பொருள் வேண்டும் என்று மரத்துக்குப் போனார் ஆல்ட்டோ. ஒரு அறையை வடிவமைப்பது என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அங்கே இருக்கப் போகிறவரின் உடம்பிலிருந்து தொடங்குவது.

இதற்கு முந்தைய நூற்றாண்டுக்குப் போவோம். விக்டோரியா காலத்து இங்கிலாந்து வீடுகளின் அடர் சிவப்பு, அடர் பச்சை, கனத்த திரைச்சீலை, எங்கு பார்த்தாலும் பூ போட்ட வால்பேப்பர். இன்று அதை "டார்க் அகாடமியா" என்று புதுப் பெயர் வைத்துத் திரும்ப விற்கிறார்கள். நிலக்கரிக் கணப்பும் எரிவாயு விளக்கும் கரியைக் கக்கிக்கொண்டிருந்த வீடு அது, வெளிர் நிறச் சுவர் அங்கே தாக்குப்பிடிக்காது. வால்பேப்பர் மீதான வரி 1836-ல் நீக்கப்பட்டு, இயந்திர அச்சும் வந்தபின் நடுத்தர வீடுகளும் அதை வாங்கத் தொடங்கின. அந்தப் பச்சைகளில் பல, 1775-ல் வேதியியலாளர் ஷீலே கண்டுபிடித்த ஆர்சனிக் கலந்த சாயத்தின் வழி வந்தவை. அழகுக்காக விஷத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மின்விளக்கு வந்து கரி போன பிறகுதான் வெளிர் சுவர் நடைமுறையில் சாத்தியமானது. நோயைப் பற்றிய பயம் அதற்கு இன்னும் வேகம் கொடுத்தது: தூசி தங்கும் கம்பளமும் வேலைப்பாடும் வேண்டாம், துடைக்க முடிகிற வெறும் பரப்பு போதும். நவீன பாணியின் வெள்ளைக்குப் பின்னால் தத்துவம் மட்டும் இல்லை, சுகாதாரமும் இருக்கிறது.

கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் 1910 வாக்கில் அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசினார் என்பதை மட்டும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே லூஸ் 1908-ல் வியன்னாவில் உருவாக்கிய சின்ன பாரில் பளிங்கு, மஹாகனி, கண்ணாடி என்று பொருள்களே அலங்காரமாக நிற்கின்றன. அவர் எதிர்த்தது ஒட்டவைத்த அலங்காரத்தை. வெறும் அறை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மினிமலிசம் என்ற பெயரில் மலிவான பலகையை வெள்ளை லேமினேட்டால் மூடி வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி இதுதான். 1926-ல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்தார், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் எழுப்பிய பொதுக் குடியிருப்புகளுக்காக. சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான் இடம். ரயிலின் சமையல் பெட்டியில் அத்தனை சின்ன இடத்தில் எப்படி இத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்று பார்த்தார், எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று அளந்தார். அப்புறம் உட்கார்ந்து காய் நறுக்கச் சுழல் முக்காலி, தண்டவாளத்தில் நகர்த்தும் கூரை விளக்கு, மாவுக்கும் பருப்புக்கும் கைப்பிடி வைத்த அலுமினியப் பெட்டிகள், பக்கத்து அறையில் விளையாடும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய ஒரு தள்ளுகதவு. ஏறக்குறைய 10,000 வீடுகளில் இது போடப்பட்டது. குறையும் உண்டு. ஒருவர் மட்டுமே நிற்க முடிகிற அறை, ஆகவே வேலையும் அந்த ஒருவர் தலையில். அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பின்னாளில் பெண்ணியவாதிகள் இதைக் கடுமையாகவே விமர்சித்தார்கள், அது நியாயமான விமர்சனம்தான்.

சமையலறைச் சுவரை இடித்த ஓப்பன் கிச்சன் பிரபலமானதற்கு அந்தத் தனிமையும் ஒரு காரணம். சமைப்பவரும் பேச்சில் கலந்துகொள்ளலாம், நல்ல நோக்கம். ஆனால் சுவரோடு சேர்ந்து அது தடுத்துவைத்திருந்த சத்தம், வாடை, புகை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாமும் வெளியே வந்துவிட்டன. மிக்ஸி ஓடுகிறது, அதே கூரையின் கீழ் ஒருவர் ஆன்லைன் மீட்டிங்கில் இருக்கிறார், இன்னொருவர் படிக்கிறார். வீடே அலுவலகமும் பள்ளியுமான 2020-க்குப் பிறகு கதவின் அருமை பலருக்குப் புரிந்திருக்கும். மொத்தமாக மூடவும் வேண்டாம், மொத்தமாகத் திறக்கவும் வேண்டாம், அந்த ஃபிராங்க்ஃபர்ட் தள்ளுகதவே போதும் என்பேன்.

ஆர்ட் டெக்கோ, மிட் சென்ச்சுரி மாதிரி மற்ற பாணிகள் எல்லாம் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. 1980-ல் மிலானில் வடிவமைப்பாளர் எட்டோரே சோட்சாஸ் கூட்டிய மெம்ஃபிஸ் என்ற வடிவமைப்பாளர் குழுவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நல்ல ரசனை என்ற பெயரில் இறுகிப்போன பழுப்பையும் கறுப்பையும் உடைக்க, வேண்டுமென்றே கத்துகிற நிறங்களையும் சாதாரண லேமினேட்டையும் எடுத்தார்கள். அதில் ஒரு துணிச்சல் இருக்கிறது, எனக்குப் பிடிக்கும். ஆனால் ஃபேஷன் டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்டு தன் மான்டே கார்லோ வீட்டை முழுக்க அந்தப் பொருள்களால் நிரப்பினார், 1991-ல் மொத்தத்தையும் ஏலத்தில் விற்றும்விட்டார்.

சரி, இப்போதைய பாணிகளுக்கு வருவோம். இன்ஸ்டாகிராமும் பின்டரெஸ்ட்டும் 2010-ல் மக்கள் கைக்கு வந்ததிலிருந்து அறையின் முதல் பார்வையாளர் கேமராவாகிவிட்டது. எதிரொலி படத்தில் பதியாது. சோபாவின் உட்காரும் ஆழம் முழங்காலுக்குப் பொருந்துகிறதா என்பது பதியாது. சுருள்சுருளான வெள்ளை புக்லே துணியில் குழந்தையின் கையும் நாயின் காலும் பட்டபின் ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்பது பதியவே பதியாது. ஓப்பன் ஷெல்ஃப் படத்தில் பிரமாதம், துடைக்கிற ஆளுக்குத்தான் தெரியும் அதன் அருமை. ஒரே சாம்பல், ஒரே பீஜ் எல்லா நாட்டிலும் பரவியதற்குக் காரணம் அது யாருக்கும் மிகவும் பிடித்தது என்பதல்ல, யாருக்கும் பிடிக்காமல் போகாது என்பதுதான். நாளைக்கு வீட்டை வாங்கப் போகிற முகம் தெரியாத ஒருவருக்காக இன்றைக்கு நாம் நிறமில்லாமல் வாழ வேண்டுமா? எனக்கு இதில் கோபமே வருகிறது.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் வெளிச்சத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் எண், கூடக்கூட நீலமான வெள்ளை, குறையக்குறைய மஞ்சள்) எல்இடியின் கீழ் எந்தப் பெயின்ட்டும் கடைக் கூடம் மாதிரிதான் தெரியும். உட்காரும், தூங்கும் அறைக்கு 2700 அல்லது 3000 போதும், நிறம் சரியாகத் தெரிய சிஆர்ஐ (விளக்கின் கீழ் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கான அளவு, 100-தான் உச்சம்) 90-க்கு மேல் பார்த்து வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங் முழுக்கக் குழிவிளக்குகளைப் பதிப்பதைவிட, ஆள் உட்காரும் உயரத்தில் இரண்டு மூன்று விளக்குகள் வைத்தால் அறை அமைதியாகும். அடுத்தது சத்தம். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்றால் பேச்செல்லாம் மோதித் திரும்பும். கனமான திரை, கம்பளம், புத்தகம் நிறைந்த அலமாரி இவை அதை நன்றாகவே குறைக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கும் சுவரில் பதிக்கிற அலமாரிக்கும் ஒரு காசும் போடாதீர்கள், பல்பும் திரையும் கம்பளமும் நல்ல நாற்காலி ஒன்றும் வாங்குங்கள், வீடு மாறினாலும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம்.