உலகம் சிமுலேஷனா என்று கேட்காதீர்கள், கட்டம் போட்டதா என்று கேளுங்கள்

"நாம இருக்கிறதே ஒரு சிமுலேஷன்தான்", அதாவது யாரோ கணினியில் ஓட்டும் உலகம்தான், என்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் 2003-இல் எழுதிய கட்டுரையில். அவர் சொன்னதோ வேறு. முன்னோர் வாழ்ந்த உலகத்தைக் கணினியில் அப்படியே ஓட்டிப் பார்க்கும் திறன் வருமுன்பே நம்மைப் போன்ற நாகரிகங்கள் அழிந்துவிடும். அல்லது திறன் வந்தாலும் முன்னோர் உலகத்தை ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். அல்லது நாம் சிமுலேஷனுக்குள் இருக்கிறோம். மூன்றில் குறைந்தது ஒன்று உண்மை என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். முதல் இரண்டை விழுங்கிவிட்டு மூன்றாவதை மட்டும் ஃபார்வர்டு செய்கிறோம்.

ஒட்டுமொத்தமாகக் கேட்டால் இதற்கு விடையே கிடையாது. எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் "அதையும் அப்படித்தான் புரோகிராம் பண்ணியிருப்பான்" என்று தப்பித்துக்கொள்ளலாம். குறுக்கிக் கேட்டால் சோதிக்கலாம். சைலஸ் பீன், ஸொஹ்ரே தவூதி, மார்ட்டின் சாவேஜ் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 2012-இல் செய்தது அதைத்தான்.

புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்கு என்ற துகள்களைக் கணினியில் கணக்கிடும்போது வெளியைக் கனசதுரக் கட்டங்களாக வெட்டிக்கொள்வார்கள். கட்டத்தின் அகலம் சுமார் 0.1 ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர் 10⁻¹⁵ மீட்டர்). பிரபஞ்சமும் அதே முறையில் ஓடினால்? கட்டம் இருந்தால் துகளின் உந்தத்துக்கு (ஆற்றலோடு சேர்ந்து ஏறும் அளவு அது) உச்சவரம்பு வரும். அந்த வரம்பு எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்காது: மூலைவிட்டத்தில் அச்சைவிட √3 மடங்கு. ஆகவே மிக உயர்ந்த ஆற்றலுள்ள காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள்கள், வரும் திசைகளில் கனசதுரத்தின் சாயல் தெரிய வேண்டும்.

ஆற்றல் வரம்பைக் கண்டதும் துள்ளக் கூடாது. சுமார் 5×10¹⁹ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) மேல் கதிர்கள் சட்டென்று குறைகின்றன என்பது உண்மை. ஆனால் புரோட்டான்கள் வழியில் பிரபஞ்சமெங்கும் பரவிக் கிடக்கும் காஸ்மிக் பின்னணி ஒளியோடு மோதி ஆற்றலை இழக்கும் என்று 1966-லேயே கணித்துவிட்டார்கள். அதற்குக் கட்டம் தேவையில்லை. கிடைத்த கதிர்களை வைத்துப் பார்த்தால், கட்டம் இருந்தாலும் அது நம் கணினிக் கட்டத்தைவிட ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் நுண்ணியதாக இருந்தாக வேண்டும். அதைவிடப் பெரிய கட்டம் கிடையாது என்றுதான் இதற்குப் பொருள். சிமுலேஷனே கிடையாது என்று பொருள் இல்லை. ஓட்டுபவர் கட்டப் பிழையைத் திருத்தும் சூத்திரம் வைத்திருந்தால் இந்தச் சோதனையிலும் சிக்கமாட்டார்.

திசையைப் பார்ப்பதில்தான் பெரிய தலைவலி. 10²⁰ எலக்ட்ரான்வோல்ட் கதிர் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறாண்டில் ஒன்று வந்தால் பெரிது. அதனால்தான் அர்ஜென்டினாவின் பியர் ஓஜே ஆய்வகம் சுமார் 3,000 சதுர கிலோமீட்டரில், தலா 12,000 லிட்டர் நீர் கொண்ட 1,600-க்கும் மேற்பட்ட துகள் பிடிக்கும் தொட்டிகளை 1.5 கிலோமீட்டர் இடைவெளியில் பரப்பி வைத்திருக்கிறது. 2017-இல் அந்த ஆய்வகத்தார் ஒரு திசைச் சாய்வை, அதாவது வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து கதிர்கள் சற்றுக் கூடுதலாக வருவதை, அறிவித்தார்கள்: 8×10¹⁸ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல், சுமார் 6.5 சதவீதம். உடனே கட்டம் என்று எண்ண வேண்டாம். அது ஒருபக்கச் சாய்வு. கனசதுரம் என்றால் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஆற்றல் ஏற ஏற வருபவை வெறும் புரோட்டான்களாக இல்லாமல் கனமான அணுக்கருக்களாக இருப்பது. இரும்பின் கரு, அதே ஆற்றலுள்ள புரோட்டானைவிட 26 மடங்கு அதிகமாகக் காந்தப்புலத்தில் வளையும். வரும் திசையில் கட்டத்தின் தடம் இருந்தாலும் அழிந்துபோகும். எது புரோட்டான், எது கனமானது என்று பிரித்தறியத்தான் இப்போது தொட்டிகளின் தலையில் சின்டிலேட்டர் (துகள் பட்டால் ஒளிரும் பொருள்) பலகையும் ரேடியோ ஆன்டெனாவும் ஏற்றியிருக்கிறார்கள்.