அதிர்ஷ்டம் என்று சொல்லி அவளுடைய வெற்றியைப் பறிக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நம் விளையாட்டுச் சந்திப்பில் நடந்ததையும், அன்றிரவு நம் புலன (வாட்ஸ்அப்) குழுவில் வந்த குரல்பதிவையும் உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். ஆகவே யார், எவர் என்று நான் எழுதப் போவதில்லை. இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கும் மாணவியிடம் ஸ்டார் ரெல்ம்ஸ் என்னும் அட்டையாட்டத்தில் தோற்ற பெரியவர் ஒருவர், "அந்தப் பிள்ளைக்கு அட்டை நல்லா விழுந்துச்சு, அவ்வளவுதான்" என்று பேசியதும், அதற்குக் கீழே பலர் சிரிப்புச் சின்னங்களை இட்டதும் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தன. அட்டை தானாக விழவில்லை. விழும்படி அவள் தன் அட்டைக்கட்டை அமைத்துக்கொண்டாள். நான் அந்த மேசையருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

2014இல் வெளிவந்த இந்த விண்வெளிப் போர் ஆட்டத்தில் இருவரும் ஒரே மாதிரியான 10 அட்டைகளோடுதான் தொடங்குகிறார்கள். 8 ஸ்கௌட், 2 வைப்பர். ஸ்கௌட் ஒரு வணிகப் புள்ளியைத் தரும், வைப்பர் ஒரு தாக்குதல் புள்ளியைத் தரும். நடுவில் எப்போதும் திறந்திருக்கும் 5 அட்டைகளிலிருந்து, கையில் வந்த வணிகப் புள்ளிகளைக் கொண்டு புதிய கப்பல்களையும் தளங்களையும் வாங்க வேண்டும். வாங்கியவை உங்கள் கட்டில் சேர்ந்து, கட்டு தீர்ந்து மீண்டும் கலைக்கப்படும்போது கைக்கு வரும். எதிராளியின் 50 அதிகாரப் புள்ளிகளையும் அழிப்பவருக்கே வெற்றி. முதலில் ஆடுபவருக்குச் சாதகம் கூடிவிடக் கூடாது என்பதற்காக, அவருடைய முதல் கைக்கு 3 அட்டைகள் மட்டுமே கொடுக்கப்படுகின்றன.

இனி அவள் செய்ததைப் பாருங்கள். அந்தப் பெரியவர் கண்ணில் பட்ட விலையுயர்ந்த கப்பல்களையெல்லாம், பச்சை அணியில் ஒன்று, மஞ்சள் அணியில் ஒன்று, நீல அணியில் ஒன்று என்று வாங்கிக்கொண்டே போனார். அவளோ, மெஷின் கல்ட் அணியின் டிரேட் பாட், மிசைல் பாட் போன்ற மலிவான சிவப்பு அட்டைகளைத் தொடக்கத்திலேயே எடுத்தாள். அவற்றின் பயன், நம்மிடம் உள்ள பலவீனமான அட்டைகளை ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடலாம் என்பது. 15 அட்டைகளில் 5 வலுவானவை என்றால், 5 அட்டைகள் கொண்ட ஒரு கையில் சராசரியாக ஒன்றோ இரண்டோதான் வரும். ஆறு ஸ்கௌட்டுகளை நீக்கி அதே கட்டை 9 அட்டைகளாகச் சுருக்கிவிட்டால், ஏறக்குறைய மூன்று வரும். அதுமட்டுமன்று, ஒரே அணியின் அட்டைகள் மேசையில் ஒன்றாக இருக்கும்போதுதான் அவற்றில் பலவற்றின் கூடுதல் ஆற்றல் வேலை செய்யும். வண்ணத்துக்கு ஒன்றாக வாங்கியவருக்கு அந்தச் சேர்க்கை எங்கிருந்து வரும்? களையெடுத்த வயலில் நெல் நன்றாக விளைந்தால் அதை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்வதில்லை.

"நடுவில் எந்த அட்டை திறக்கும் என்பது அதிர்ஷ்டம்தானே?" என்று கேட்பீர்கள். ஆம், அதில் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் திறந்த அட்டை இருவர் கண்ணுக்கும் தெரிகிறது. தனக்குப் பயன்படாவிட்டாலும் எதிராளிக்குப் போய்விடக் கூடாது என்று அவள் ஓர் அட்டையை வாங்கியதை அந்தப் பெரியவர் கவனிக்கவே இல்லை. இந்த ஆட்டத்தை வடிவமைத்த டார்வின் காசில், ராப் டோஹர்ட்டி இருவருமே 'மேஜிக்: த கேதரிங்' என்னும் அட்டையாட்டத்தின் உலகப் போட்டிகளில் பெயரெடுத்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு வெல்லக்கூடிய ஓர் ஆட்டத்தை அவர்கள் செய்து வைக்கவில்லை.

"விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்றும் கேட்பீர்கள். என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். மாலையில் சாப்பாட்டுக் கடை வாசலில் சோடா மூடிகளை வைத்து டாம் (செக்கர்ஸ்) ஆடுவார். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பையனிடம் தோற்றபோது, எழுந்து போகாமல், "தம்பி, எந்த இடத்துல நான் விட்டேன், சொல்லு" என்று கேட்டு, அந்த நகர்த்தலைத் திரும்ப வைத்துப் பார்த்தார். அந்தப் பையன் அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்தாலே அப்பாவைத்தான் தேடுவான். ஞாயிறன்று இந்தச் சிறுமிக்கு அப்படி ஒரு கேள்வி கிடைத்திருக்க வேண்டும்.

இதே ஆட்டத்தில் ஒரு பையன் வென்றிருந்தால் "மூளைக்காரன்" என்று தட்டிக்கொடுத்திருப்பீர்கள். சென்ற மாதம் அப்படித்தான் நடந்தது. அப்போது யாரும் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசவில்லை. நம் பெண் பிள்ளைகள் தேர்வில் நல்ல புள்ளி எடுத்தால் "கேள்வி சுலபம்", பேச்சுப் போட்டியில் வென்றால் "ஆசிரியர் எழுதிக் கொடுத்தது", இப்போது "அட்டை விழுந்தது". அவள் அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதைப் பேசுவதற்கு முன் ஒரு நொடியாவது நினைத்திருக்கலாம்.

பிரச்சினை வேண்டாம், இந்த ஆட்டத்தையே சந்திப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். எடுக்க மாட்டேன். அடுத்த சந்திப்பிலும் அதே மேசையில் இருக்கும். புதிதாக வருபவர்களுக்கு விதிகளை யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவளையே கேட்டிருக்கிறேன், அவளும் ஒப்புக்கொண்டாள்.