அரை மாத்திரை வெளிச்சம்

(கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டுக்காரர். அவரிடம் பத்தாம் வகுப்பு படித்து, இப்போது ஊரில் ஒயரிங் வேலை பார்க்கும் முருகேசன் தோள்பையுடன் வாசலில் நிற்கிறார். ஐயாவின் எதிரில் கொச்சையாகப் பேசினால் இன்றும் காது திருகப்படும் என்ற அச்சத்தால், இந்த ஒரு வீட்டில் மட்டும் முருகேசன் எழுதுவது போலவே பேசுவார்.)

ஆசிரியர்: வா, முருகேசா. செருப்பைப் படியிலேயே கழற்றிவிடு.

முருகேசன்: வணக்கம், ஐயா. பூசை அறைக்குக் கழற்றுவேன். மெயின் போர்டுக்குக் கழற்ற மாட்டேன். இந்த ரப்பர்ச் செருப்புதான் என் ஆயுள் காப்பீடு. என்ன தொந்தரவு?

ஆசிரியர்: மூன்று விளக்குகள் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்குவதென்று முடிவெடுத்திருக்கின்றன. கூடத்து விளக்கு எரியும்போது துடிக்கிறது. பூசை அறை விளக்கு அணைத்த பிறகு துடிக்கிறது. திண்ணை விளக்கோ எரிகிறது, அணைகிறது, மறுபடியும் எரிகிறது. ஆனால் அது ஒரு சீரான தாளத்தில் நிகழ்வதால் அதை நான் குறையாக எண்ணவில்லை.

முருகேசன்: பல்பை மாற்றிப் பார்த்தீர்களா?

ஆசிரியர்: கூடத்துக்கு மட்டும் ஏழு மாற்றினேன். எல்லாம் ஒன்பது வாட் எல்இடி. முதல் இரண்டைக் கடைக்காரர் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு வேறு கொடுத்தார். மூன்றாவதை எடுத்துச் சென்றபோது அங்கேயே மாட்டிக் காட்டினார். அந்தப் பாவிப் பல்பு அவர் கடையில் தூண்டாமணி விளக்காக நின்று எரிந்தது. அடுத்த முறை நான் தெருமுனையில் திரும்புவதைக் கண்டதுமே அவர் சாப்பிடப் போய்விட்டார். காலை பத்தேகாலுக்கு எந்த வணிகர் சாப்பிடப் போவார்?

முருகேசன்: கழற்றிய பல்புகள் எங்கே?

ஆசிரியர்: எறிய மனம் வரவில்லை. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு நான்கைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர் மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, "உங்கள் விளக்குகள் பிரமாதமாக எரிகின்றன" என்கிறார். குத்தலாகச் சொல்கிறார் என்று நான் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

முருகேசன்: அவர் குத்தவில்லை, ஐயா, உங்களுக்குச் சோதனை முடிவைத் தெரிவித்திருக்கிறார். ஓரிடத்தில் துடிக்கும் பல்பு மற்றோரிடத்தில் நிலையாக எரிந்தால் குற்றம் பல்பில் இல்லை, அதற்கு மின்சாரம் வந்து சேரும் வழியில் இருக்கிறது என்று பொருள். ஹோல்டரின் ஊசிகள் தளர்ந்திருக்கலாம், சுவிட்ச் தேய்ந்திருக்கலாம், எங்காவது ஓர் ஒயரின் திருகு இளகியிருக்கலாம். எப்போதெல்லாம் துடிக்கிறது என்று சொல்ல முடியுமா?

ஆசிரியர்: அப்படிக் கேள்! (அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுக்கிறார்.) தை முதல் தேதியிலிருந்து பதிவு செய்திருக்கிறேன். படி.

முருகேசன்: "தை 4, காலை 7.40, பதினொரு துடிப்பு. தை 5, துடிப்பு இல்லை. தை 6, காலை 7.35, ஒன்பது துடிப்பு. அவற்றுள் இரண்டு நெடில்." ஐயா, வலப்பக்க ஓரத்தில் இட்லி, உப்புமா, தோசை என்று எழுதியிருக்கிறதே?

ஆசிரியர்: சாப்பிடுவதையெல்லாம் குறித்துவரும்படி சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர் சொன்னார். அதற்குத் தனி நோட்டு எதற்கு என்று இதிலேயே எழுதிவிட்டேன். அந்த ஓரத்துக்கும் விளக்குக்கும் தொடர்பில்லை, மேலே படி.

முருகேசன்: தொடர்பு இருக்கிறது, ஐயா. இட்லி நாளில் துடிப்பு இருக்கிறது, தோசை நாளில் இருக்கிறது, வெண்பொங்கல் நாளிலும் இருக்கிறது. உப்புமா நாளில் மட்டும் இல்லை. உப்புமாவுக்கு நீங்கள் எதைத் தொட்டுக்கொள்வீர்கள்?

ஆசிரியர்: முன்பெல்லாம் சர்க்கரையை. இப்போது ஒன்றுமில்லை, விதியே என்று விழுங்குகிறேன்.

முருகேசன்: சரியாகப் போயிற்று. உங்கள் கூடத்து விளக்கு சட்னிக்குத்தான் துடிக்கிறது.

ஆசிரியர்: சட்னித் துடிப்பா? அப்படி ஒரு தொடர் இருந்தால் அதை எப்படி விரிப்பாய்?

முருகேசன்: உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று நீங்கள்தான் கற்பித்தீர்கள். சட்னியை அரைக்கும் மிக்சியால் உண்டாகும் துடிப்பு. நடுவில் மறைந்து நிற்பது மிக்சி.

ஆசிரியர்: (சற்று நேரம் பேசாமல் இருந்து) பொதுத்தேர்வில் இதை எழுதியிருந்தால் நீ ஐம்பதைத் தாண்டியிருப்பாய். சரி, மிக்சி அங்கே சமையலறையில் சுற்றினால் விளக்கு இங்கே ஏன் நடுங்க வேண்டும்?

முருகேசன்: இரண்டுக்கும் போகும் வழி ஒன்று. 750 வாட் மிக்சி 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். வழி நன்றாக இருந்தால் விளக்குக்கு அது தெரியவே தெரியாது. ஓரிடத்தில் இணைப்பு தளர்ந்திருந்தால், அத்தனை மின்சாரமும் அந்த இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது வோல்ட்டேஜில் ஒரு பங்கு அங்கேயே விழுந்துவிடும். மீதிதான் விளக்குக்கு வந்து சேரும்.

ஆசிரியர்: இதே வீட்டில் முப்பது ஆண்டு குண்டு பல்பு எரிந்ததே, அது ஒருநாளும் இப்படி ஆடவில்லையே.

முருகேசன்: அதுவும் மங்கியிருக்கும். ஆனால் அதன் இழை பழுக்கக் காய்ந்திருப்பதால் கணநேரம் மின்சாரம் குறைந்தாலும் உள்ளிருக்கும் சூட்டைக் கொண்டு தாக்குப்பிடிக்கும். எல்இடிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. உள்ளே டிரைவர் என்றொரு சிறு பலகை இருக்கிறது. அதில் மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் கண்டென்சர் நல்லதாக இருந்தால் கொஞ்சம் சமாளிக்கும், மலிவானதாக இருந்தால் வந்ததை வந்தபடி வெளிச்சமாகக் காட்டிவிடும்.

ஆசிரியர்: என் பேரன்கூட ஏதோ சொன்னான். செல்போனின் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்தான். திரையில் கறுப்புப் பட்டைகள் நகர்ந்தன. எல்லா விளக்கும் எப்போதும் துடித்துக்கொண்டேதான் இருக்கிறது, தாத்தா என்றான்.

முருகேசன்: பொய்யில்லை. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று. சுற்றுக்கு இரண்டு ஏற்றமாக நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. மட்டமான டிரைவர் அதை அப்படியே வெளிச்சத்தில் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

ஆசிரியர்: கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை. குற்றியலுகரம் அரை மாத்திரை, மகரக்குறுக்கம் கால் மாத்திரை. நீ சொல்வது அதற்கும் கீழே போகிறது. அந்த அளவுக்கு நம் இலக்கணத்தில் பெயரே இல்லை.

முருகேசன்: பெயரில்லாததைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாம், ஐயா. மெயின் போர்டைப் பார்ப்போம்.

(மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.)

ஆசிரியர்: என் வீட்டு உடைமையை ஏன் பையில் போடுகிறாய்?

முருகேசன்: போர்டின் மேல் வைத்தால், மின்விசிறி நின்றுவிட்டதே என்று யாராவது நல்ல எண்ணத்துடன் எடுத்துச் செருகிவிடுவார்கள். என்னோடு வேலை கற்றவர்களில் ஒருவர் அந்த நல்லெண்ணத்தால் ஏணியிலிருந்து விழுந்தார். (டெஸ்டரால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடியைத் திறக்கிறார்.) இதோ, வாருங்கள். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பித்தளைக் கட்டை இது. நடுத்திருகைப் பாருங்கள்.

ஆசிரியர்: ஒயரின் தோல் புளியங்கொட்டை நிறத்தில் இருக்கிறதே.

முருகேசன்: சிவந்து, சுருங்கி, தொட்டால் அப்பளம் போல் நொறுங்குகிறது. அத்தனையும் சூட்டினால் வந்தது. திருகைச் சுற்றுகிறேன், எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று... ஒன்றரை. ஒன்றரைச் சுற்று இளகியிருந்திருக்கிறது. இந்தப் பக்கம் தீய்ந்த வாசனை வந்ததில்லையா?

ஆசிரியர்: வந்தது. புது ஊதுபத்தி மட்டமானது என்று அந்தக் கடையையும் மாற்றிவிட்டேன்.

முருகேசன்: இன்னும் சில மாதம் போயிருந்தால் இந்தப் பலகையே பற்றியிருக்கும். (கருகிய நுனியை வெட்டி எறிந்து, தோலைச் சீவி, செம்புக் கம்பியை இரட்டையாக மடித்துக் கட்டையில் நுழைத்து முறுக்குகிறார்.) இது வீட்டுக்குள் இருந்ததால் நான் தொட்டேன். மீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஈ.பி.க்காரர்கள்தான் தொட வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் ஒயர் மூன்று வரும் வீடுகளில் நியூட்ரல் கழன்றால் சில விளக்குகள் மங்கும், சில கண்ணைப் பறிக்கும். அப்போது நோட்டை எடுக்காமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

ஆசிரியர்: என் நோட்டின் மேல் உனக்கு ஏன் இத்தனை கோபம்? அதுதானே உனக்கு வழி காட்டியது.

முருகேசன்: அதை மறுக்கவில்லை. பூசை அறைக்கு வாருங்கள். இப்போது செருப்பைக் கழற்றுகிறேன்.

(ஃபியூஸ் கட்டையை மீண்டும் செருகி, ஒரு மரப்பலகையின் மேல் ஏறி நிற்கிறார்.)

ஆசிரியர்: இது கொஞ்சம் நுட்பமான விவகாரம். அணைத்த பிறகு பத்து நொடிக்கு ஒருமுறை இந்த விளக்கு குற்றியலுகரம் போல அரை மாத்திரை ஒளிர்ந்து அடங்குகிறது. வீட்டில் அவள், அம்பாள் கண் திறக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றாலும், போன வெள்ளிக்கிழமை தெருவில் ஆறு பேர் வந்து கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

முருகேசன்: குண்டு பல்பு இருந்த காலத்தில் அம்பாள் கண் திறந்தாளா?

ஆசிரியர்: இல்லை.

முருகேசன்: சுவிட்சை அணைத்திருக்கிறேன், பல்பைக் கழற்றிவிட்டேன். டெஸ்டரை ஹோல்டர் ஊசியில் வைக்கிறேன்; பாருங்கள், எரிகிறது. டெஸ்டர் சில வேளை இல்லாததையும் இருப்பதாகக் காட்டும் என்பதால், இந்த டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை ஊசியிலும் மறுமுனையை எர்த்திலும் கொடுக்கிறேன். பளிச்சென்று எரிகிறது. அணைத்த விளக்கில் பேஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஐயா. உங்கள் சுவிட்ச் பேஸை வெட்டவில்லை, நியூட்ரலை வெட்டுகிறது.

ஆசிரியர்: எதை வெட்டினால் என்ன? விளக்கு அணைகிறதல்லவா?

முருகேசன்: முற்றுப்புள்ளியை வாக்கியம் முடியும் இடத்தில் வைக்காமல் அடுத்த பத்தியின் நடுவில் வைத்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? மின்சாரம் விளக்கின் வாசல்வரை வந்து காத்திருக்கிறது. போவதற்கு நேர்வழி அடைபட்டிருந்தாலும், பக்கத்துக் கம்பிகள், ஈரச் சுவர் வழியாகத் துளித்துளியாகக் கசிகிறது. அந்தக் கசிவு குண்டு பல்பின் இழையைச் சூடாக்கப் போதாது. எல்இடியின் கண்டென்சரோ அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்து, நிறைந்ததும் ஒரே மின்னலாகச் செலவழித்துவிட்டு மறுபடியும் சேர்க்கிறது. சுவிட்சில் சிவப்புப் பொட்டு விளக்கு இருந்தாலும் அதன் வழியே இப்படிக் கசியலாம், அதற்கு ஆபத்தில்லை. இதற்கு ஆபத்து உண்டு. அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் யாராவது ஹோல்டருக்குள் விரலை விட்டால், அம்பாளை நேரிலேயே பார்த்துவிடலாம். இந்தச் சுவிட்சை மாட்டியவர் யார், ஐயா? அவரை இனி வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஆசிரியர்: (கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.) துடைத்தாலும் பனி போகவில்லை.

முருகேசன்: பெயர் நினைவில்லையா?

ஆசிரியர்: போன சரசுவதி பூசையன்று பழைய சுவிட்ச் உடைந்திருந்தது. ஆள் கிடைக்கவில்லை. இரண்டு ஒயர்கள், இரண்டு திருகுகள். இதில் மெத்தப் படித்தவன் என்ன தவறு செய்துவிட முடியும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார்.

முருகேசன்: அந்த ஒருவர் சிவப்பு ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் வேறுபாடு பார்க்கவில்லையா?

ஆசிரியர்: நிறவேறுபாடு பார்ப்பது தவறு என்று முப்பது ஆண்டு வகுப்பில் சொன்னவர், முருகேசா. விட்டுவிடு. மாற்ற முடியுமா?

முருகேசன்: பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருப்பதால் பேஸும் நியூட்ரலும் இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. கால்மணி நேர வேலை.

(மெயின் மறுபடியும் அணைகிறது, கட்டை மறுபடியும் சட்டைப்பைக்குப் போகிறது. வேலை முடிந்து விளக்கைப் போட்டு அணைக்கிறார்கள். இருவரும் இருட்டில் இரண்டு நிமிடம் நிற்கிறார்கள். ஒன்றும் மின்னவில்லை.)

ஆசிரியர்: நின்றுவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை வருபவர்களிடம் நான் என்ன சொல்வேன்?

முருகேசன்: அம்பாள் கண்ணயர்ந்துவிட்டாள் என்று சொல்லுங்கள். திண்ணை விளக்கை ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன். காற்றுப் போகாத கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இதை மாட்டியிருக்கிறீர்கள். சூடேறினால் உள்ளே ஓர் இணைப்பு விலகி அணைகிறது. ஆறினால் ஒட்டிக்கொண்டு எரிகிறது. இந்தப் பல்பு முடிந்துவிட்டது, ஐயா.

ஆசிரியர்: வீட்டிலேயே குறையில்லாதது என்று நான் நம்பியது அது ஒன்றைத்தான்!

முருகேசன்: இதை யாருக்கும் தீபாவளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். கிண்ணத்தைக் கழற்றிவிட்டுப் புதிது ஒன்று மாட்டினால் போதும். கடைக்காரரிடம் நானே போகிறேன். என்னைக் கண்டால் அவருக்குப் பசிக்காது. இப்போது அம்மாவிடம் மிக்சியைப் போடச் சொல்லுங்கள்.

(ஆசிரியர் உள்ளே குரல் கொடுக்கிறார். மிக்சி உறுமத் தொடங்குகிறது. இருவரும் கூடத்து விளக்கை அண்ணாந்து பார்க்கிறார்கள். உறுமல் நிற்கிறது, மறுபடியும் தொடங்குகிறது, மறுபடியும் நிற்கிறது.)

முருகேசன்: அசையவில்லை.

ஆசிரியர்: அசையவில்லை. நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் மீதமிருக்கிறது. (பெருமூச்சுடன் பேனாவைத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார்.) "மாசி 9, முற்பகல் 11.20. தேங்காய்ச் சட்னி. துடிப்பு இல்லை."

முருகேசன்: ஐயா, உள்ளிருந்து புதினா வாசனை வருகிறது.

ஆசிரியர்: (மோந்து பார்த்துவிட்டு) அந்தச் சிவப்பு மையை எடு.