கல்விக்கடன் கேட்டு எத்தனை பேர் வருவார்கள்?

ஒவ்வொரு மார்ச்சிலும் எங்கள் வங்கியின் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு எக்செல் தாள் வரும். வரும் கல்வியாண்டில் உங்கள் கிளையில் எத்தனை மாணவர்கள் கல்விக்கடன் வாங்குவார்கள்? கடன் பிரிவில் இருந்த ஆறு வருடமும் நான் அதை நிரப்பிய லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். போன வருடம் 42 என்றால் இந்த வருடம் 46. பத்து சதவீதம் கூட்டிப் போடுவது, அவ்வளவுதான். குறைத்து எழுதினால் போன் வரும். அந்த 46 மற்ற கிளைகளின் எண்களோடு சேர்ந்து மேலே போய், யாரோ ஒருவர் மேசையில் 'மதிப்பீடு' ஆகிவிடும்.

2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது எனக்கு இந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். வருடத்துக்கு 1 லட்சம் மாணவர்கள், 2030-31 வரை 3,600 கோடி ரூபாய். ஏழு வருடம், ஏழு லட்சம் பேர். நல்ல திட்டம்தான். ஆனால் இத்தனை பேர் வருவார்கள் என்று கணித்த எண்ணா இது? இத்தனை பேருக்குத்தான் கொடுப்போம் என்று போட்ட கோடு. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

2021-ல் தமிழ்நாடு அரசு, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற படிப்புகளில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தைத் தானே ஏற்பதாக அறிவித்தது. என் மேசை முன் வந்து நிற்கவேண்டிய பிள்ளைகள் சிலருக்கு அந்தத் தேவையே இல்லாமல் போனது. சந்தோஷம். எக்செல் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. நான் வழக்கம்போல பத்து சதவீதம் கூட்டினேன்.

இங்கிலாந்துக்காரர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 2013-ல் 24 வயதும் அதற்கு மேலும் ஆன தொழிற்பயிற்சியாளர்களுக்குக் கடன் கொண்டுவந்தார்கள். 25,000 பேரை எதிர்பார்த்தார்கள், விண்ணப்பித்தது சில நூறு பேர். அடுத்த வருடமே கைவிட்டார்கள். வேலை பார்த்துக்கொண்டே தொழில் பழகுகிறவன் எதற்குக் கடன் வாங்கப்போகிறான் என்று யாரும் யோசிக்கவில்லை போல.

கணிக்க வேண்டுமென்றால் பிளஸ் டூ முடித்தவர்கள், கவுன்சலிங்கில் இடம் கிடைத்தவர்கள், கல்லூரிக் கட்டணம், வீட்டு வருமானம் என்று அந்தப் பக்கமிருந்து வர வேண்டும். நாங்கள் கொடுத்து முடித்த கடனிலிருந்து ஆரம்பித்தால், கொடுக்காதது எங்கே தெரியும்?

நான் 46 எழுதிய வருடம், ஆகஸ்டில் ஒருவர் மகளோடு வந்தார். கவுன்சலிங் ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தந்த போனஃபைடு சான்றிதழ், கட்டண விவரம் எல்லாம் மஞ்சள் பையில் வரிசையாக இருந்தன. சிபிலில் அவருடைய பழைய கடன் வரலாற்றைப் பார்த்தேன். பழைய டூவீலர் கடனில் இரண்டு தவணை பாக்கி. மேனேஜர், "விண்ணப்பத்தை வாங்காதீங்க, வாங்கினா நிராகரிச்ச கணக்கு காட்டணும்" என்றார். நானும் வாங்கவில்லை. "சரி சார், வா கண்ணு" என்று அவர் மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்தார்.

அந்த வருடம் 44 கடன் கொடுத்தோம். கணிப்பு கிட்டத்தட்ட சரியாக இருந்ததற்கு மண்டல அலுவலகத்திலிருந்து பாராட்டி மெயில் வந்தது.

அந்த அப்பாவை மறுபடி ஒரு திங்கட்கிழமை பார்த்தேன். பக்கத்து கவுன்ட்டரில், கையில் ஒரு சின்ன சுருக்குப் பையோடு நின்றிருந்தார். விவசாய நகைக்கடன் என்று பதிவானது.