ஹவாய் ஏவுகணை எச்சரிக்கை: மறைத்தது எதுவும் இல்லை

‘2018-ல் வடகொரியா ஹவாய் மீது ஏவிய ஏவுகணையை அமெரிக்கா வானிலேயே வீழ்த்திவிட்டு மறைத்தது’ என்ற வாட்ஸ்அப் செய்தி தவறு.

ஜனவரி 13 காலை 8:07-க்குக் கைபேசிகளில் எச்சரிக்கை வந்தது, ஏவுகணை வரவில்லை. ஹவாய் அவசரகால மேலாண்மை அலுவலகத்தில் பணிமாற்ற நேரத்தில் நடந்த ஒத்திகை அது. ஊழியர்களுக்குக் கேட்கவைத்த ஒலிப்பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ‘ஒத்திகை’ என்றிருந்தாலும், நடுவே ‘இது ஒத்திகை அல்ல’ என்ற வரியும் புகுந்திருந்தது. ஓர் ஊழியர் நிஜமென நம்பி அனுப்பிவிட்டார். இரண்டாமவர் சரிபார்க்கும் முறை அப்போது இல்லை. மறுப்புச் செய்தியின் வாசகமும் தயாராக இல்லாததால் கைபேசிகளுக்குத் திருத்தம் போக 38 நிமிடம் ஆனது. ட்விட்டரில் மறுக்கலாமென்றால், அப்போதைய ஹவாய் ஆளுநர் டேவிட் இகேவுக்குக் கடவுச்சொல்லே தெரியவில்லை, அவரே சொன்னது!

டிரம்பும் கிம்மும் ‘அணு ஆயுதப் பொத்தான்’ சவடால் விட்ட மாதம். சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. இதை விசாரித்த அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் 2018 ஏப்ரல் அறிக்கை இணையத்திலேயே கிடைக்கிறது. பார்த்துவிட்டு, அந்தச் செய்தியை மேலும் பகிராதீர்கள்.